இலவச மின்னஞ்சலை நம்பித் தொழில் நடத்தலாமா?

ஈரோடு மாவட்டத்துச் சிறிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது நாற்பத்தாறு. வீட்டில் இருந்தபடியே அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார். 2009-இல் அவருடைய கொழுந்தனார் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தொடங்கிக் கொடுத்த இலவச மின்னஞ்சல்தான் இன்றுவரை எல்லாவற்றுக்கும்: வங்கி, பிள்ளைகளின் கல்லூரி, குடும்பப் புகைப்படங்கள், போதாததற்குப் பல வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி பதிவிலும் இவருடைய முகவரியே. சமீபத்தில் போன் தொலைந்து, புதுப் போனில் கணக்கைத் திறக்கப் போனால், எப்போதோ கைவிட்ட பழைய சிம் எண்ணுக்கு ஓடிபி போகிறது. “இது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை” என்ற பதில் மட்டும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்து, மகளின் பழைய லேப்டாப்பில் அந்தக் கணக்கு இன்னும் திறந்தே கிடப்பதைப் பார்த்து அதன் வழியாக உள்ளே போயிருக்கிறார். அதற்குள் ஒரு மளிகைக் கடைக்காரரின் ஜிஎஸ்டி பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு வந்த நோட்டீசுக்குப் பதில் சொல்லும் கெடு முடிந்துவிட்டது.

அவர் கேட்பவை நான்கு. அந்த நிறுவனத்தின் மீது நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? நம்பகமான இலவச மின்னஞ்சல் எது? மகன் புரோட்டான் மெயில் என்கிறார், தோழி “ஜோஹோ நம்ம ஊர்க்காரங்களுது, அதுக்கு மாறு” என்கிறார், கணவர் எதற்கு மாற வேண்டும் என்கிறார். புதுக் கணக்கு தொடங்கியதும் பழையதை அழித்துவிடலாமா? கடைசியாக, அந்தக் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைக்காரரின் நோட்டீஸ்

பதிவை ரத்து செய்வதற்கு முன் அனுப்பும் நோட்டீசுக்கு ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அது உங்களுக்குத் தெரியும். தவறிவிட்டது என்பதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. அவர் உடம்பு சரியில்லாமல் இரண்டு காலாண்டு ரிட்டர்ன் போடாததால் வந்த நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்து உத்தரவு இன்னும் வரவில்லை என்றால், இன்றைக்கே பாக்கி ரிட்டர்ன்களை வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு போட்டுவிட்டு, தாமதத்துக்கான காரணத்தையும் சொல்லிப் பதில் கொடுங்கள். இப்படிப் பாக்கியைத் தீர்த்துவிட்டால் நடவடிக்கையைக் கைவிட விதியிலேயே இடம் இருக்கிறது. உத்தரவு வந்துவிட்டது என்றால், அது கிடைத்த 90 நாட்களுக்குள் ரத்தைத் திரும்பப் பெறக் கோரி விண்ணப்பிக்கலாம். முன்பு 30 நாளாக இருந்ததை 2023 அக்டோபரிலிருந்து 90 ஆக்கியிருக்கிறார்கள். அவருடைய மருத்துவச் சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

“மின்னஞ்சல் பூட்டியிருந்ததால் நோட்டீசே வரவில்லை என்று சொல்லலாமா” என்று கேட்கிறீர்கள். அதை மட்டுமே நம்பி நிற்காதீர்கள் என்பேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவு, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதையும் போர்ட்டலில் ஏற்றுவதையும் நோட்டீஸ் சேர்ப்பிக்கும் முறைகளாகவே ஏற்கிறது. போர்ட்டலில் மட்டும் போட்டால் போதுமா என்று உயர் நீதிமன்றங்களில் நிறைய வாதம் நடந்திருக்கிறது, வணிகருக்குச் சாதகமாகவும் உத்தரவுகள் வந்திருக்கின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் மின்னஞ்சல் சரியான முகவரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது, உங்களால் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதை ஒரு காரணமாகப் பதிலில் எழுதலாம். அதை வைத்தே தப்பிக்கப் பார்த்தால் நாள்தான் வீணாகும்.

இதோடு சேர்த்து ஒன்று: இனி மின்னஞ்சல் வந்தால்தான் நோட்டீஸ் என்று இருக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வாடிக்கையாளரின் போர்ட்டலிலும் நோட்டீஸ் பகுதியைத் திறந்து பார்த்துவிடுங்கள், அவர்கள் ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் சரி.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

இலவச சேவைக்காகப் போக முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பணம் கொடுத்தோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ சேவை பெறுபவரைத்தான் நுகர்வோர் என்கிறது, இலவசமாகத் தரப்படும் சேவையை ‘சேவை’ என்ற சொல்லின் வரையறையிலிருந்தே வெளியே வைத்துவிட்டது. நம் தகவல்களைத்தானே விலையாக வாங்குகிறார்கள் என்று வாதம் செய்யலாம், எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது, ஆனால் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கும் செலவையும் வருடங்களையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

கொஞ்சம் கசப்பான மறுபக்கமும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தப்பு. அந்தக் கடைக்காரர் உங்களுக்குக் கட்டணம் கொடுக்கிறார். ஆகவே சேவைக் குறைபாடு என்று அவர் உங்கள் மீது புகார் கொடுக்க முயல இடமிருக்கிறது. மின்னஞ்சல் நிறுவனம் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அதே விஷயத்துக்கு நீங்கள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இலவச மின்னஞ்சலில் தொழில் நடத்துவதன் உண்மையான ஆபத்து இதுதான், தகவல் திருட்டைப் பற்றி எல்லோரும் பயப்படுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இங்கே சேவை தரும் ஒவ்வொரு இடைநிலை நிறுவனமும் (பிறருடைய தகவலை வாங்கி வைத்துக் கடத்தும் நிறுவனம், மின்னஞ்சல் நிறுவனமும் இதில் சேரும்) ஒரு குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், விதியில் உள்ள கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் அந்த ஒன்பது நாளும் உதவிப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே மனிதர்கள் இல்லை. குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும், வேறொரு முகவரியிலிருந்து எழுதலாம். அவருடைய முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு 2023-இல் அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாமே இணையவழி, டில்லிக்கு அலைய வேண்டாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனால் இதெல்லாம் பூட்டிய பிறகு செய்வது. பெரிய நிறுவனம் என்றால் இப்படி ஆகாது என்ற நினைப்பு உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் தெரிகிறது. குஜராத்தில் ஒரு பொறியாளரின் கூகுள் கணக்கு முடக்கப்பட்டு, 2024 மார்ச்சில் அவர் உயர் நீதிமன்றம் வரை போனார். சின்ன வயதில் பாட்டி தன்னைக் குளிப்பாட்டும் பழைய படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றியதுதான் அவர் செய்தது. குழந்தை ஆபாசப் படங்களைத் தேடும் தானியங்கி முறை அதைப் பிடித்துக்கொண்டது. தொழில் சம்பந்தமான மின்னஞ்சல்களும் கூடவே முடங்கிப் போயின. நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தத் தேடும் முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது பிடிக்கும் உண்மையான குற்றங்கள் உண்டு. கேட்க வேண்டியது, ஒரு புகைப்படத்தால் தொழிலின் கடிதப் போக்குவரத்து ஏன் நிற்க வேண்டும் என்பதுதான். படமும் தொழிலும் வங்கியும் ஒரே கணக்கில் இருந்ததால்தான் நின்றது. உங்களுடையதும் இன்று அப்படித்தான் இருக்கிறது.

நம்பகம் என்று எதைச் சொல்கிறோம்?

‘எந்த நிறுவனம் நல்ல நிறுவனம்’ என்று கேட்கிறீர்கள். நான் வேறு மாதிரி கேட்கச் சொல்வேன்: போன் தொலைந்தால், சிம் போனால், பாஸ்வேர்டு மறந்தால், இந்தக் கணக்குக்குள் நான் திரும்ப எப்படி நுழைவேன்? அதற்குப் பதில் இல்லாத கணக்கு எவ்வளவு பெரிய நிறுவனத்துடையதாக இருந்தாலும் நம்பகமானதல்ல. உங்களுக்கு நடந்ததில் நிறுவனத்தின் கடுமை பாதி, அதில் மனிதர் யாரும் பதில் சொல்லாதது நிச்சயம் கண்டிக்க வேண்டியது. மீதிப் பாதி அந்தப் பழைய சிம் எண். துண்டித்த எண்ணை 90 நாட்கள் யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்குப் பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னதும் இதையே. அப்படியென்றால் உங்கள் கணக்கின் ஓடிபி இத்தனை வருடம் முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகக்கூடிய நிலையில் இருந்திருக்கிறது. பூட்டிக்கொண்டதைவிட இதுதான் எனக்குப் பெரிய பயமாகப் படுகிறது.

மகளின் லேப்டாப் காப்பாற்றியது தற்செயல் அல்ல. வழக்கமாகப் பயன்படுத்திய கருவி, வழக்கமான வீட்டு இணைப்பு, இவற்றை வைத்துத்தான் இந்த நிறுவனங்கள் ஆளை அடையாளம் காண்கின்றன. புது ஊரில் புதுப் போனில் முயன்றால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் சந்தேகப்படும்.

அதனால் எங்கே கணக்கு வைத்தாலும் முதல் நாளே செய்ய வேண்டியவை சில. மீட்பு எண்ணாக நீங்கள் தினமும் பயன்படுத்தும் எண்ணைக் கொடுங்கள், எண் மாறினால் சிம்மை விடுவதற்கு முன்பே அங்கே மாற்றுங்கள். மீட்பு மின்னஞ்சலாக வேறொரு நிறுவனத்தில் உள்ள உங்கள் இன்னொரு முகவரியைக் கொடுங்கள், கொழுந்தனாருடையதையோ பிள்ளைகளுடையதையோ கொடுக்க வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் ஆத்தென்டிகேட்டர் செயலியோ (போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தருவது) பாஸ்கீயோ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகையோ போன் பூட்டோ கொண்டு திறப்பது) வையுங்கள். அப்புறம், போன் கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்க பேக்கப் கோடுகள் என்று தருவார்கள், கூகுளில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். அதைப் பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரம் வைக்கும் பீரோவில் வைத்துவிடுங்கள். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் உங்கள் ஒன்பது நாள் ஒன்பது நிமிடமாகியிருக்கும்.

சரி, எந்தச் சேவை?

ஜிமெயில், அவுட்லுக் இரண்டும் தினசரி வேலைக்குப் போதுமானவை, ஸ்பேமை வடிகட்டுவதிலும் நன்றாகவே செய்கின்றன. ஜிமெயில் நம் கடிதங்களைப் படித்து விளம்பரம் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடித உள்ளடக்கத்தை வைத்து விளம்பரம் காட்டுவதை நிறுத்துவதாகக் கூகுள் 2017-இல் அறிவித்துவிட்டது. ஸ்பேம், வைரஸ் பார்ப்பதற்காக இயந்திரம் வாசிப்பது எல்லா நிறுவனத்திலும் நடக்கும். ஜிமெயிலில் கவனிக்க வேண்டியது இடம்தான்: 15 ஜிபி என்பது கடிதம், டிரைவ், புகைப்படம் மூன்றுக்கும் சேர்த்து. படங்களுக்குத் தனியாக வரம்பில்லாத இடம் 2021 ஜூனோடு முடிந்தது. நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். கல்யாண வீடியோ ஏற்றியதால் வரித்துறைக் கடிதம் திரும்பிப் போவது என்பது நிஜமாக நடக்கக்கூடியது. இன்னொன்று, இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை அழிக்கும் நடைமுறை 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அவுட்லுக்கில் கடிதங்களுக்கு 15 ஜிபி உண்டு, வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் வர வேண்டும்.

யாஹூ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2013-இல் நடந்த ஊடுருவலில் அதன் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன, அந்த முழு எண்ணிக்கையை நிறுவனம் சொன்னது 2017-இல்தான். ஊடுருவல் எவருக்கும் நடக்கும். நான்கு வருடம் கழித்து முழுக் கணக்கு சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இப்போது புதிதாகத் தொடங்குபவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் மகன் சொல்லும் புரோட்டான், சுவிட்சர்லாந்து நிறுவனம், அறிமுகமானது 2014-இல். கடிதங்களைத் தன்னாலேயே வாசிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறது. நல்ல சேவைதான், பத்திரிகையாளர்களுக்கும் ரகசியமாகப் பேச வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் நானே சொல்வேன். ஆனால் உங்களுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், முதலாவது, நீங்கள் புரோட்டானிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பும் சாதாரணக் கடிதம் அங்கே போனதும் அந்த முழுப் பூட்டு இல்லாமல்தான் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் யாரும் புரோட்டானில் இல்லை. இரண்டாவது, பாஸ்வேர்டை மறந்து புதிதாக வைத்தால், மீட்புச் சொற்றொடரோ மீட்புக் கோப்போ இல்லாத பட்சத்தில் பழைய கடிதங்களைத் திறக்கவே முடியாது. நிறுவனத்தாலும் முடியாது, அதுதான் அதன் பலமே. இப்போதுதான் பூட்டிக்கொண்டு வெளியே நின்றவருக்கு இது ஏற்றதல்ல. மூன்றாவது, இங்கே அதன் மேல் கத்தி தொங்கிக்கொண்டே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்குப் புரோட்டான் வழியாகப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் வந்த பிறகு, தமிழ்நாடு காவல்துறை கேட்டதன் பேரில் அதை முடக்கும் முயற்சி நடந்தது, சுவிஸ் அரசு தலையிட்டதால் நின்றது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சேவையையே மூடுவது சரியில்லை என்பது என் கருத்து, ஆனாலும் ரிட்டர்ன் போடும் கடைசித் தேதி அன்று அது வேலை செய்ய வேண்டும் என்பது உங்கள் தேவை. ஜெர்மனியின் டூட்டாவும் இதே வகை, இலவசக் கணக்கை ஆறு மாதம் திறக்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

ஜோஹோ. நம்ம ஊர்க்காரர் நடத்துகிறார் என்பது மனசுக்கு நன்றாக இருக்கிறது, எனக்கும்தான். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலே அங்கே மாறியிருப்பதால் அது சின்ன நிறுவனம் என்ற பயமும் வேண்டாம். ஆனால் சொந்த ஊர் என்பதற்காக அல்ல, வேறொரு காரணத்துக்காக அதை உங்கள் தொழிலுக்குச் சொல்கிறேன். சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும், நாமே வாங்கிக்கொள்ளும் இணையப் பெயர்) பெயரில் இலவசமாக மின்னஞ்சல் வைத்துக்கொள்ளும் திட்டம் அவர்களிடம் இருக்கிறது: ஒரு டொமைன், ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. டொமைனுக்கு மட்டும் வருடத்துக்குக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும். இதில் என்ன நன்மை? மின்னஞ்சலின் பின்பாதி உங்களுடையது. நாளைக்கு ஜோஹோ பிடிக்கவில்லை, விதியை மாற்றிவிட்டார்கள், கணக்கைப் பூட்டிவிட்டார்கள் என்றால், அதே முகவரியை வேறொரு நிறுவனத்துக்கு எடுத்துப் போகலாம், கடைக்காரர்கள் யாருக்கும் புது முகவரி சொல்ல வேண்டாம். செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறுகிறோமே, அதே மாதிரி. இலவசச் சேவையின் பெயரில் முடியும் எந்த முகவரிக்கும் இந்த வசதி கிடையாது. இந்தியாடைம்ஸ் மின்னஞ்சல் வைத்திருந்தவர்கள் 2013-இல் அது மூடப்பட்டபோது முகவரியோடு சேர்த்துத்தான் இழந்தார்கள்.

குறைகளும் உண்டு. அந்த இலவசத் திட்டத்தில் ஐமேப், பாப் வசதி இல்லை, அதாவது தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் இழுத்து வைத்துக்கொள்ள முடியாது, ஜோஹோவின் தளமும் செயலியும்தான். 120 நாட்கள் தொடர்ந்து திறக்காத இலவசக் கணக்கை முடிக்கும் உரிமையை அவர்களுடைய நிபந்தனை வைத்திருக்கிறது, தினமும் வேலை செய்யும் உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. முக்கியமான நோட்டீஸ், ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றையும் அன்றன்றே பிடிஎஃப் ஆக எடுத்து வாடிக்கையாளர் பெயரில் ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். வருமானம் இடம் கொடுத்தால் பிறகு கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள். அப்போது நீங்கள் பணம் கொடுத்த வாடிக்கையாளர், மேலே சொன்ன சட்ட நிலையும் உங்கள் பக்கம் கொஞ்சம் நகரும்.

டொமைன் வாங்கும்போது மூன்று விஷயத்தை மட்டும் விடாதீர்கள். உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், வெப்சைட் போட்டுத் தருகிறேன் என்று வரும் தம்பியின் பெயரில் வேண்டாம். டொமைன் விற்பவரிடம் உள்ள கணக்குக்கு அந்த டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள், இரண்டும் ஒருசேரப் போனால் எதையும் மீட்க முடியாது. புதுப்பிக்கும் தேதியை மறக்காதீர்கள், ஏனென்றால் காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கினால் உங்களுக்கு வரும் கடிதமெல்லாம் அவருக்குப் போகும். இவ்வளவு தலைவலி இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றினால், ஜிமெயிலிலோ அவுட்லுக்கிலோ தொழிலுக்கென்று மட்டும் ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். படம், வீடியோ, ஷாப்பிங் எதுவும் அதில் வரக்கூடாது. அதுவே இன்றைய நிலையைவிட எவ்வளவோ மேல்.

பழைய கணக்கை அழிக்க வேண்டாம்

கோபத்தில் உடனே அழித்துவிடத் தோன்றுவது புரிகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக நீங்கள் எங்கெல்லாம் அந்த முகவரியைக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்காது. வங்கியோ வருமான வரித்துறையோ காப்பீடோ என்றைக்காவது அதற்கு எழுதும். அதோடு, சில நிறுவனங்கள் கைவிடப்பட்ட முகவரியைப் புது ஆளுக்குக் கொடுத்ததும் உண்டு. யாஹூ 2013-இல் ஒரு வருடத்துக்கு மேல் திறக்காத பெயர்களை இப்படி மறுபடி கொடுத்தது, பழையவருக்கு வந்த கடிதங்கள் தங்களுக்கு வருவதாகப் புதியவர்கள் சொன்னார்கள். உங்கள் பழைய முகவரி இன்னொருவர் கைக்குப் போனால் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அவருக்குத்தான் போகும்.

ஆகவே பழையதைத் திறந்தே வையுங்கள். இன்றைக்கே அதன் மீட்பு எண்ணை மாற்றுங்கள், மகளின் லேப்டாப்பிலிருந்தே மாற்றுங்கள், அங்கேதான் அது உங்களை நம்புகிறது. உங்கள் கணவர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது: குடும்ப விஷயங்களுக்கு அந்தக் கணக்கே தொடரட்டும். பழைய கடிதங்களின் பிரதியை ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கிக்கொள்ளுங்கள், கூகுள் கணக்கென்றால் டேக்அவுட் என்ற வசதி அதற்கென்றே இருக்கிறது. புதுக் கடிதங்கள் தொழில் முகவரிக்குத் தானாக வந்து சேரும்படி ஃபார்வர்டு வைக்க முடிந்தால் வையுங்கள். அந்த அமைப்பைத் திறக்கும்போது, நீங்கள் வைக்காத ஃபார்வர்டு ஏதாவது ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்து, 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ பதிவு செய்யுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம்.

இந்த மாற்றம் நடக்கும் நாட்களில் “உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே அழுத்துங்கள்” என்று கடிதம் வந்தால் அழுத்தாதீர்கள். நீங்களே தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

வாடிக்கையாளர்களிடம் என்ன சொல்வது?

ஒவ்வொரு கடைக்காரரின் ஜிஎஸ்டி பதிவிலும் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பது இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான், அவர்களும் “நீங்களே பாத்துக்கங்க” என்பார்கள். ஆனாலும் இதை மாற்றியாக வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர வேண்டியது வரி கட்டுபவருக்கு. இப்போது உங்கள் ஒரு கணக்கு பூட்டினால் அத்தனை கடைகளும் சேர்ந்து இருட்டில் நிற்கின்றன. ஒவ்வொருவருக்கும் அவர்கள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் தொடங்கச் சொல்லுங்கள், மீட்பு எண் அவர்களுடையதாக இருக்கட்டும், பேக்கப் கோடு அவர்கள் கல்லாப்பெட்டியில் இருக்கட்டும், அங்கிருந்து உங்களுக்கு ஃபார்வர்டு வரட்டும். போர்ட்டலில் மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் மாற்றுவது சாதாரணத் திருத்தம், அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஓடிபி கொடுத்தால் முடிந்தது. ஒரே நாளில் எல்லோருக்கும் செய்ய நினைக்காதீர்கள், ரிட்டர்ன் பாக்கி உள்ளவர்களிலிருந்து தொடங்குங்கள், அவர்களுக்குத்தான் அடுத்த நோட்டீஸ் வரும்.

மளிகைக் கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் எது முடியும் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு நகலில் அவருடைய கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்டால், ரிட்டர்ன் போடாத இரண்டு காலாண்டுக்கான கட்டணம் அவருடையது, அது மின்னஞ்சல் பூட்டியதால் வந்தது அல்ல என்று சொல்லுங்கள். பதில் தவறியதால் மட்டும் கூடுதலாக ஏதாவது செலவு வந்தால் அதை நீங்கள் ஏற்பதாகச் சொல்வது நியாயமாக இருக்கும். ரத்து உத்தரவு வந்திருந்தால் அதில் உள்ள தேதியைக் குறித்து எனக்கு எழுதுங்கள், விண்ணப்பத்தில் காரணத்தை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.